ஏழு கம்ப்யூட்டரும் ஒரு ஃபிக்ரியும்

ஃபிக்ரி மெத்வல்லியைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லித் தொடங்கலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். கையெழுத்து அழகாக இருக்கும். அவ்வளவுதான் கிடைத்தது. அந்த அழகான கையெழுத்தில் அவன் இருபத்தாறு வருடமாக எழுதியதெல்லாம், யார் எத்தனை நிமிடம் தாமதமாக வந்தார்கள், யார் கழிவறையில் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதைத்தான்.

எகிப்தில், தும்யாத் நகரத்தில், ஹாஜி ஷலபியின் மரச்சாமான் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் கப்பல் தாள்கள் பார்க்கிறவன். என் பெயர் ரகப். கட்டில், அலமாரி, தங்கப்பூச்சு நாற்காலி எல்லாம் எங்களிடமிருந்து லிபியாவுக்கும் வளைகுடாவுக்கும் போகும். கீழே கிடங்கு, மேலே ஆபீஸ். புதிதாக வருகிறவர்களுக்கு வார்னிஷ் வாசனையில் தலை வலிக்கும். எங்களுக்கு அந்த வாசனை இல்லாத வெள்ளிக்கிழமைகளில்தான் தலை வலிக்கும். ஃபிக்ரி அங்கே ஆபீஸ் மேனேஜர்.

அவன் அப்பா நாற்காலி செய்கிறவர். மூன்று மகன்களில் இருவர் உளியைப் பிடித்தார்கள். ஃபிக்ரி வணிகப் பள்ளியில் டிப்ளமா வாங்கிவிட்டு, ஹாஜியின் பட்டறையில் நேரக் குறிப்பாளனாகச் சேர்ந்தான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் கடிகாரத்தை மட்டும் பார்ப்பானாம். அவனுடைய இரண்டு அண்ணன்களும் அதே பட்டறையில்தான் வேலை பார்த்தார்கள். பெரியவர் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு வந்த நாளில், நாற்பது நிமிடம் தாமதம் என்று எழுதியவன் இவன். குழந்தை ஆணா பெண்ணா என்று மாலைவரை கேட்கவில்லை.

ஹாஜி இதைக் கவனித்தார். ஒருவனை எல்லோரும் வெறுத்துக்கொண்டிருந்தால் தன்னை வெறுக்க யாருக்கும் நேரம் இருக்காது என்று தெரிந்தவர் அவர். அதற்காகவே ஃபிக்ரியை மாடிக்கு ஏற்றி மேனேஜர் ஆக்கினார்.

மாடியில் அவனுக்குக் கண்ணாடிக் கதவு வைத்த அறை. கண்ணாடியில் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. வந்த முதல் வாரமே அந்தக் காகிதத்தில் ஒரு நாணய அளவுக்கு நகத்தால் சுரண்டி ஓட்டை போட்டான். நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். வெள்ளைக் கதவில் கறுப்பாக ஒரு கண் வந்து நிற்பது ஆறு மேஜைகளுக்கும் தெரியும். பத்து வருடம் அந்தக் கண்ணோடு குடித்தனம் நடத்தினோம்.

பிறகு மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது, ஃபிக்ரிக்குக் கஷ்டகாலமும் வந்தது. ஓட்டை வழியாகப் பார்த்தால் எங்கள் முகம் தெரியும், திரை தெரியாது. முதுகுப் பக்கமாக நடந்து வந்து எட்டிப் பார்த்தான். அவனுடைய ஷூ கீச்சிடும். மூன்று மேஜைக்கு அப்பால் வரும்போதே எல்லோரும் இன்வாய்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கவலையான முகத்தோடு உட்கார்ந்திருப்போம். இப்படி ஒரு வருடம் ஓடியது. அந்த ஒரு வருடத்தில் அவன் ஐந்து கிலோ இளைத்தான்.

ஒரு வியாழக்கிழமை கெய்ரோவுக்குப் போனான். அங்கே கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடைத்தெருவில் யாரோ ஒரு கடைக்காரன் இவனிடம் எதையோ தலையில் கட்டியிருக்கிறான். வெள்ளிக்கிழமை, விடுமுறை நாளில், தனியாக ஆபீசைத் திறந்து பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். சனிக்கிழமை காலையில் எங்களைக் கூட்டி நிற்கவைத்துச் சொன்னான்.

"எல்லா கம்ப்யூட்டருக்கும் மருந்து போட்டிருக்கேன். இனிமே வைரஸ் வராது. யாரும் எதையும் நோண்டக் கூடாது."

அதற்குப் பிறகு அவனுக்கு எல்லாம் தெரியத் தொடங்கியது.

"ரகப், நேத்து பதினொன்னே காலுக்கு மேட்ச் ஸ்கோர் பாத்தியே, யாரு ஜெயிச்சா?"

"நான் பாக்கலையே உஸ்தாஸ்." எங்கள் ஊரில் 'சார்' என்பதற்கு அதுதான் வார்த்தை.

"ரெண்டுக்கு ஒன்னு. நான் மூஞ்சியப் படிக்கிறவன். உன் மூஞ்சியில ஸ்கோரே எழுதியிருந்தது."

நான் அதை நம்பினேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாற்பத்தெட்டு வயது, துறைமுகத்தில் எத்தனையோ கள்ளர்களைப் பார்த்தவன், இவன் முகத்தைப் படிக்கிறான் என்று நம்பி ஆறு மாதம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். எங்கள் கணக்கர் ஒருபடி மேலே போய், ஃபிக்ரி யாரிடமோ தாயத்து வாங்கிக் கட்டியிருக்கிறான் என்றார். இப்படிப்பட்ட ஆட்களுக்கு அப்படிப்பட்ட மேனேஜர் வாய்த்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இன்ஸாஃப் மட்டும் எதையும் நம்பவில்லை. அவள் எனக்கு அடுத்த மேஜை, இன்வாய்ஸ் போடுகிறவள். நைல் கடலில் சேருகிற இடத்தில் இருக்கும் எஸ்பத் எல் புர்க் ஊர்க்காரி. கணவர் மீன்பிடி படகு வைத்திருப்பவர். இரண்டு பெண் குழந்தைகள். குரலை உயர்த்தாமல் ஆளை உரித்துத் தொங்கவிடுவாள்.

அவளுடைய கம்ப்யூட்டர் பழையது. மருந்து போட்ட நாளிலிருந்து அது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடியது. பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, ஆறாவது மாதம் ஒரு நாள் மறுபடி அவள் ஃபிக்ரியின் அறை வாசலில் போய் நின்றாள்.

"உஸ்தாஸ், என் கம்ப்யூட்டருக்கு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ மூச்சு முட்டுது. ஒரு இன்வாய்ஸ் திறக்கறதுக்குள்ள எனக்கு நரை விழுந்துடும் போலருக்கு."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். வேலை செய்யற ஆளுதான் ஸ்லோ."

"எங்க வீட்டுக்காரரு படகு நின்னா இன்ஜினத்தான் திறந்து பாப்பாரு. கூட வந்த ஆளுங்களத் திட்ட மாட்டாரு."

"அப்ப படகுலயே போய் வேலை பாருங்க."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மூன்று விசைகளை ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். கம்ப்யூட்டருக்குள் அந்த நேரத்தில் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று வரிசையாகக் காட்டுகிற பட்டியல் அது. நாங்கள் எல்லோரும், ஏதாவது உறைந்து நின்றுவிட்டால் அதைச் சாகடிக்க மட்டும் அங்கே போய்விட்டு ஓடி வந்துவிடுவோம். அவள் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பெயராக எழுத ஆரம்பித்தாள்.

மதியம் நான் ஃபூல் என்கிற மசித்த அவரை வைத்த சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டே கேட்டேன்.

"என்ன எழுதறீங்க, கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டிய லிஸ்ட்டா?"

"என் வீட்டுல யாரு யாரு சாப்பிடறாங்கன்னு பாக்கறேன் ரகப் அண்ணே. நான் கூப்பிட்டது நாலு பேர. பந்தியில உக்காந்திருக்கறது அம்பத்தோரு பேரு."

மூன்று நாள் இதே வேலை. ஒரு பெயரை எடுப்பாள், இன்டர்நெட்டில் தேடுவாள், அது என்ன வேலை செய்கிறது என்று பெயருக்கு எதிரே எழுதுவாள், கோடு போட்டு அடிப்பாள். இது கடிகாரத்தை ஓட்டுவது. இது ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்வது. இதே பெயரில் பத்து இருக்கும், அது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். இரண்டாம் நாள் மாலை ஃபிக்ரி கீச்சிட்டுக்கொண்டு வந்து அவள் மேஜைமுன் நின்றான்.

"மேடம், பேரு பேரா எதையோ பாத்துட்டே இருக்கீங்க. உங்க மூஞ்சி சொல்லுது. வேலையப் பாருங்க."

"பாக்கறேன் உஸ்தாஸ்."

மூன்றாம் நாள் நோட்டில் ஐம்பது பெயர்கள் அடிபட்டிருந்தன. ஒன்று மிச்சம். அதன் பெயர் 'பிரின்ட் ஹெல்பர்'. யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று வரிசைப்படுத்தினால் அது மேலேயிருந்து இரண்டாவது. இன்ஸாஃப் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"ரகப் அண்ணே, என் மேஜையில பிரின்டர் இருக்கா?"

எங்கள் யார் மேஜையிலும் பிரின்டர் கிடையாது. ஒரே பிரின்டர் ஃபிக்ரியின் அறையில், அவன் கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டு இருந்தது. ஒரு தாள் அச்சடிக்க வேண்டுமென்றாலும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு அவன் வாசலில் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

"இல்லாத பிரின்டருக்கு எதுக்கு உதவி ஆளு?" என்றாள்.

அதை நிறுத்தினாள். பட்டியலிலிருந்து மறைந்தது. பத்து விநாடியில் மறுபடி வந்து உட்கார்ந்தது. இன்னொரு முறை நிறுத்தினாள். இன்னொரு முறை வந்தது.

"கொன்னா எந்திரிக்குது. யோக்கியமான எதுவும் இப்படிப் பண்ணாது. இருங்க, மூச்சு முட்டட்டும்."

திரை ஒருகணம் நின்று மறுபடி அசைந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த மூச்சுமுட்டலுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அந்தப் பெயர்மேல் வைத்து, அது எந்த இடத்திலிருந்து ஓடுகிறது என்று காட்டச் சொன்னாள். ஒரு ஃபோல்டர் திறந்தது. உள்ளே சின்னதாக ஒரு குறிப்புக் கோப்பு, பக்கத்தில் ஒரு படம். படத்தைத் திறந்தாள். அவளுடைய திரையேதான். முந்தைய மூச்சுமுட்டலில் பிடித்த புகைப்படம், அனுப்பப்படக் காத்திருந்தது. குறிப்புக் கோப்பில் 120 என்று ஓர் எண், இரண்டு நிமிடத்தின் விநாடிக் கணக்கு. அதற்குக் கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி. ஃபிக்ரியின் பெயரும் அதோடு ஒட்டி 'தும்யாத் சிங்கம்' என்றும் இருந்தது.

இன்ஸாஃப் எல்லாவற்றையும் மூடிவிட்டு இன்வாய்ஸைத் திறந்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்த சிங்கம் மூஞ்சியப் படிக்கல. போட்டோ பாக்குது."

"அடப் பாவி. அப்ப மூணு நாளா நீங்க இந்த லிஸ்ட்ட நோண்டினதும் அவனுக்குப் போயிருக்குமே?"

"போயிருக்கு. பாத்திருக்காரு. அது என்னன்னு அவருக்குப் புரியல. கடைக்காரன் மெயிலத் திறக்க மட்டும் சொல்லிக் குடுத்திருக்கான்."

திருடுவதற்குக்கூட ஒரு படிப்பு வேண்டும். அதுவும் இல்லாதவனிடம் ஆறு மாதம் நடுங்கியிருக்கிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஹாஜியிடம் போய்ச் சொல்லுவோம் என்றேன்.

"சொன்னா என்ன சொல்லுவாரு? காவக்காரன் பாக்கத்தான் செய்வான்னு சொல்லுவாரு. நம்மள வேலைய விட்டு எடுத்தாலும் எடுப்பாரு. அவரு படம் பாக்கறாருல்ல? பாக்கட்டும். பாக்கறதுக்கு ஏதாவது குடுப்போம்."

மறுநாள் பத்து மணிக்கு இன்ஸாஃப் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். பெரிய எழுத்தில் இரண்டு வரி அடித்தாள். மூச்சுமுட்டல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்ததும் பக்கத்தைச் சேமிக்காமல் மூடினாள். அவள் எழுதியது இதுதான்: 'நம் ஆபீசில் ஒருவர் காலையில் ஃபூல் சாப்பிடுகிறார். எந்தக் கடை ஃபூல் என்று அவருடைய நீல டையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.'

அடுத்த நாள் ஃபிக்ரி டை இல்லாமல் வந்தான். அந்த டை இல்லாத ஃபிக்ரியை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

அன்று அவள் எழுதியது: 'கீச்சிடும் ஷூ போட்ட ஒற்றனை எந்த நாடும் வேலைக்கு வைத்துக்கொள்ளாது.' ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் புது ஷூ. ரப்பர் அடி. கீச்சிடவில்லை. சிரிப்பை அடக்க நான் கிடங்குக்கு இறங்கிப் போய் ஒரு அலமாரிக்குப் பின்னால் நின்றேன்.

பதினொரு மணிக்கு அறையைச் சாத்திக்கொண்டு அவன் முஷப்பக் தின்பது பற்றி எழுதினாள். எங்கள் ஊர் ஜிலேபி அது. பாகு ஒட்டிய விரலோடு அவன் தாளில் கையெழுத்துப் போட, அந்தத் தாள் லிபியா போய்ச் சேரும்வரை எறும்புகள் கூடவே போயின என்று எழுதினாள். முஷப்பக் நின்றது. கதவு ஓட்டையைப் பற்றி எழுதினாள். ஓட்டைமேல் உள்பக்கமாக ஒரு காலண்டர் ஏறியது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு கண் போனது.

அவனால் ஒன்றும் கேட்க முடியவில்லை. கேட்டால் எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். தினமும் பத்தரைக்கு இன்ஸாஃபைக் கூப்பிட்டு நிற்கவைப்பான். ஒரு பழைய இன்வாய்ஸ் எண்ணைக் கேட்டுவிட்டு அனுப்பிவிடுவான்.

"வேற ஏதாவது கேக்கணுமா உஸ்தாஸ்?" என்பாள் அவள்.

"இல்ல. போங்க."

'அந்தத் தலை ஒரு காலி வார்னிஷ் டின். தட்டினால் சத்தம் வரும், திறந்தால் நாற்றம் வரும்' என்று அவள் எழுதிய நாளில் அவன் காலையிலேயே தலைவலி என்று வீட்டுக்குப் போனான். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நேரத்துக்கு முன்னால் அவன் வெளியேறியது அன்றுதான். எத்தனை நிமிடம் என்று குறிக்க ஆள் இல்லை.

இதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கதையை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பேன். ஃபிக்ரியை இகழ எனக்கு இருந்த யோக்கியதையை நானே கெடுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் ஃபிக்ரியின் மகளுக்கு நிச்சயம் முறிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் போட்ட நகை திரும்பிப் போனதாகப் பட்டறையில் பேச்சு. எனக்கும் ஏதாவது எழுத வேண்டும் என்று அரிப்பு. என் கம்ப்யூட்டரில் எழுதத் தைரியம் இல்லை. இன்ஸாஃப் மதிய லுஹர் தொழுகைக்குப் பெண்கள் அறைக்குப் போன நேரம் பார்த்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். 'அப்பன் ஓட்டை வழியாகப் பார்ப்பதைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை ஓடினான். இனி அந்தப் பெண்ணை எட்டிப் பார்க்க அப்பனைத் தவிர ஆள் வராது' என்று எழுதினேன். படம் பிடிக்கப்படும்வரை காத்திருந்தேன். மூடினேன். மிகவும் அறிவாளியாக உணர்ந்தேன்.

மறுநாள் ஃபிக்ரி வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் முகச்சவரம் செய்யாமல் வந்தான். நான் ஒன்பது நிமிடம் தாமதம். அவன் கடிகாரத்தைப் பார்க்காமலே கடந்து போனான். இன்ஸாஃபைக் கூப்பிட்டான். அவள் உடனே திரும்பி வந்து என் மேஜைமுன் நின்றாள்.

"உங்களுக்குப் பொண்ணு இருக்கான்னு கேட்டாரு. ரெண்டுன்னேன். சரி போங்கன்னாரு. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. நேத்து முந்தாநாள் நான் எதுவுமே எழுதல. என் மெஷின்ல யாரு உக்காந்தா?"

நான் தாள்களை அடுக்கினேன்.

"என்ன எழுதினீங்க ரகப் அண்ணே?"

சொன்னேன். அதுவரை ஃபிக்ரிக்கு மட்டும் வைத்திருந்த பார்வை ஒன்று அவளிடம் உண்டு. அதை என்மேல் திருப்பினாள்.

"நான் அவரு செய்யறத எழுதினேன். நீங்க அவருக்கு நடந்தத எழுதியிருக்கீங்க. அந்தப் புள்ள என்ன செஞ்சுது? அதுவும் உங்க மேஜையில உக்காந்து எழுத உங்களுக்கு முதுகெலும்பு இல்ல."

"தப்புதான்."

"அவர விட நீங்க ஒரு படி கீழ. அவராவது தன்னோட சொந்த மெயில் அட்ரஸப் போட்டிருக்காரு."

அதன்பிறகு அவள் எதுவும் எழுதவில்லை. என்னோடும் இரண்டு வாரம் பேசவில்லை.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமைக் கூட்டம். பெங்காஸிக்குப் போக வேண்டிய கண்டெய்னர் துறைமுகத்தில் நின்றுபோயிருந்தது. ஹாஜி ஷலபி மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். யார் தப்பு என்று கேட்டார். ஃபிக்ரி எழுந்தான்.

"மேடம் இன்ஸாஃப் இன்வாய்ஸ லேட்டாக் குடுத்தாங்க ஹாஜி. கை ஸ்லோ."

"மெஷின் ஸ்லோன்னு ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன் ஹாஜி," என்றாள் இன்ஸாஃப்.

"மெஷினா? மத்ததெல்லாம் எழுதறதுக்கு மட்டும் வேகமா ஓடுதே. தலை வார்னிஷ் டின்னு, திறந்தா நாறும்னு எழுதத் தெரியுதுல்ல? அப்ப மட்டும் மெஷின் ஸ்லோ இல்லையா? பொம்பளப் புள்ள விஷயத்தக்கூட விட்டு வைக்கல இவங்க."

ஹாஜியின் மணி நின்றது.

"யாரு தலை டின்னு?" என்றார் ஹாஜி.

"என்... என் தலைதான் ஹாஜி."

"யாரு எழுதினது? காட்டு."

"அவங்க கம்ப்யூட்டர்ல எழுதினாங்க."

"நான் எதையும் சேமிக்கல ஹாஜி," என்றாள் இன்ஸாஃப். "அடிச்சேன், மூடினேன். காகிதத்துல எடுக்கல, யாருக்கும் அனுப்பல. உஸ்தாஸ் எப்படிப் படிச்சாருன்னுதான் எனக்கும் தெரியணும்."

கடைசியில் ஃபிக்ரி எல்லாவற்றையும் சொன்னான். ஆபீஸ் நன்மைக்காக, வைரஸுக்காக, ஒழுங்குக்காக. ஹாஜி கேட்டுவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அதுக்கென்ன? காவக்காரன்னா பாக்கத்தான் செய்வான். நீங்க ஒழுங்கா இருந்தா எதுக்குப் பயப்படணும்?"

ஹாஜி சொல்வார் என்று முன்பே என்னிடம் சொன்ன வார்த்தைகள் அப்படியே வந்ததற்கு இன்ஸாஃப் அசரவில்லை.

"உங்க கம்ப்யூட்டரும் அப்பப்ப நின்னு நின்னு ஓடுதா ஹாஜி?"

"ஆமா. மவுஸ போட்டுத் தட்டித் தட்டிக் கை வலிக்குது. ஏன்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் தஸ்பீஹை மேஜையில் வைத்தார்.

எல்லோரும் ஹாஜியின் அறைக்குப் போனோம். கதவு எப்போதும் சாத்தியிருக்கும் அறை. உள்ளே பெரிய வியாபாரம் நடக்கிறது, வங்கிகளோடு பேச்சு நடக்கிறது என்றெல்லாம் நாங்கள் நினைத்திருந்தோம். திரையில் பாதி ஆடிய சீட்டாட்டம் இருந்தது. ஒற்றை ஆள் ஆடுகிற ஆட்டம். சிவப்பு ராணி ஒன்று இடம் தேடிக் காத்திருந்தாள். இன்ஸாஃப் அதைக் கீழே இறக்கிவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். விரலால் வரிசையாகத் தடவி ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"பிரின்ட் ஹெல்பர். உங்ககிட்ட பிரின்டர் இருக்கா ஹாஜி?"

"எனக்கு எதுக்குப் பிரின்டர்? ஃபிக்ரிதான் எல்லாம் எடுத்து..."

நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"எத்தன நாளா?"

"முதல்லேர்ந்தே ஹாஜி. எல்லா கம்ப்யூட்டருக்கும் சேத்து... உங்க பாதுகாப்புக்காகத்தான்."

"நான் என்ன செய்யறேன்னு பாத்தியா?"

"இல்ல ஹாஜி. அல்லா சத்தியமா இல்ல. சீட்டு மட்டும்தான்."

"என்ன சீட்டு?"

"நல்லா ஆடறீங்க ஹாஜி. போன செவ்வாக்கிழமை ஒன்னு ஜெயிச்சீங்கல்ல, அத நான் ரெண்டு தடவ பாத்தேன்."

இருபத்தாறு வருட வேலை அந்த ஒரு பாராட்டில் முடிந்தது. அவனுடைய கோப்பையையும் காலண்டரையும் எடுத்துக்கொண்டு அன்று மாலையே இறங்கிப் போனான். யாரும் வழியனுப்பவில்லை.

சனிக்கிழமை ஹாஜி இன்ஸாஃபைக் கூப்பிட்டார். நான் கப்பல் தாளோடு பக்கத்தில் நின்றேன்.

"என்னோடதுல அந்தச் சனியன எடுத்துடும்மா. மத்ததுல இருக்கட்டும். அட்ரஸ மட்டும் மாத்தி என் அட்ரஸப் போட்டுடு."

"சரி ஹாஜி," என்றாள்.

அன்று அவர் பள்ளிவாசலுக்குப் போன நேரத்தில் ஏழு கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்தாள். அதற்குள் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். 'அப்டேட்' என்ற பெயரில் இன்னொன்று ஒளிந்திருந்தது. பிரின்ட் ஹெல்பர் விழுந்தால் தூக்கிவிடுவது அதன் வேலை. கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாக எழும் பட்டியலிலிருந்து இரண்டையும் நீக்கினாள். பிறகு இரண்டையும் சேர்த்து நிறுத்தினாள். பிறகு அந்த ஃபோல்டரையே அழித்தாள். என் மேஜைக்கு வந்தபோது, "எந்திரிங்க," என்றாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

ஹாஜி நாலு நாள் கழித்து, மெயில் ஒன்றும் வரவில்லையே என்று கேட்டார். அட்ரஸை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள். அவருக்கு அது நினைவில் இல்லை. கடவுச்சொல்லும் நினைவில் இல்லை. அந்த வாரக் கடைசியில் அவர் மறந்தே போனார். கதவைச் சாத்திக்கொண்டு சீட்டாடப் போய்விட்டார்.

இன்ஸாஃப் அடுத்த வருடம் துறைமுகத்தில் வேறொரு கம்பெனிக்கு, இதைவிட நல்ல சம்பளத்துக்குப் போனாள். போகும்போது எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாள், எனக்கும்தான். நான் மன்னிக்கப்பட்டேனா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஃபிக்ரியைப் போன கோடையில் ராஸ் எல் பர் கடற்கரையில் பார்த்தேன். மைக்ரோ பஸ் நிற்கும் இடத்தில், ஈரச் செய்தித்தாளில் சுற்றிய மீனோடு நின்றான். குடியிருக்கும் கட்டடத்தின் சங்கத் தலைவராம். மாடிப்படியில் கேமரா வைத்திருக்கிறானாம். யார் குப்பையை எத்தனை மணிக்கு இறக்குகிறார்கள் என்று தெரியுமாம். பெருமையாகச் சொன்னான். பஸ் வரவில்லை. வேறு பேச்சில்லாமல் அவனே ஆரம்பித்தான்.

"டை, ஷூ, டின்னு எல்லாம் போகட்டும். என் பொண்ணப் பத்தி எழுதினாளே அந்தப் பொம்பள, அத மட்டும் நான் மறக்கல."

எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. அல்லது வெயில் தாங்கவில்லை.

"அது இன்ஸாஃப் எழுதல உஸ்தாஸ். நான் எழுதினேன்."

ஃபிக்ரி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பிறகு சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

"நீயா? ரகப், பன்னெண்டு வருஷம் உன் தாளெல்லாம் படிச்சவன் நான். கண்டெய்னர்ங்கற வார்த்தையவே மூணு விதமா எழுதுவ. உனக்கு எங்கேர்ந்து அவ்வளவு எழுத வரும்? அவளக் காப்பாத்தப் பாக்காத."

"நெஜமா உஸ்தாஸ்."

"போய்யா."

மகளுக்கு முந்தின வருடத்து ரமலானுக்கு முன்னாலேயே மன்ஸூராவில் கல்யாணமாகிவிட்டது என்றான். மாப்பிள்ளை பள்ளி ஆசிரியராம். ஆண் குழந்தை, மூன்று மாதம். நல்லா இருக்கட்டும் என்றேன். பஸ் வந்தது. அவன் மீனை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் அதில் ஏறவில்லை. அடுத்ததற்காக முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன்.